பெயரை நம்பித் தொலைத்த எட்டு மாதங்கள்: ஆங்கிலக் கிராமத்து வீடுகளுக்குப் பூர்வீகம் தேடிய அனுபவம்

எட்டு மாதங்களாக நான் தேடிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டின் வரலாற்றை அன்று, சாலைக்கு எதிர்ப்புறம் நின்றிருந்து எப்போதோ இடிக்கப்பட்டுவிட்ட வேறொரு கட்டடத்தின் வரலாற்றை என்பது தெரியவந்த நாளை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. கிழக்கு இங்கிலாந்தில், ஒரு தேவாலயமும் ஒரு குளமும் நாற்பதுக்கும் குறைவான வீடுகளும் கொண்ட சிற்றூரில் நாங்கள் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டுக்கும் அதே தெருவிலுள்ள மூன்று பழைய வீடுகளுக்கும் பூர்வீகம் தேடும் வேலை இரண்டரை ஆண்டுகள் நீண்டு, இப்போதுதான் ஓரளவு கரைசேர்ந்திருக்கிறது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் நான் இழந்த நாட்களை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டின் பெயர் ஃபோர்ஜ் காட்டேஜ், அதாவது கொல்லன் பட்டறை வீடு. இங்குள்ள பல சிற்றூர்களில் பழைய வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான் முகவரி. ஆகவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் கொல்லரைத் தேடினேன். ஒவ்வொன்றிலும் அவர் கிடைத்தார். 1841 முதல் 1911 வரை ஒரே குடும்பம், தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் மருமகன் என்று பட்டறையை நடத்தியிருந்தது. அவர்களுடைய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், உயில் என எல்லாவற்றையும் திரட்டித் தடித்த ஒரு கோப்பு ஆக்கினேன். அத்தனை ஏடுகளில் ஒன்றில்கூட எங்கள் வீட்டின் பெயர் இல்லை, "தெரு" என்று மட்டுமே எழுதியிருந்தது என்பது என்னை உறுத்தியிருக்க வேண்டும். இடப்புற ஓரத்தில் இருந்த எண்ணை வீட்டு எண் என்று நம்பிவிட்டேன். அது கணக்கெடுப்பாளர் படிவங்களுக்கு இட்ட வரிசை எண் மட்டுமே. அவர் எந்தப் பக்கமிருந்து நடக்கத் தொடங்கினார் என்பதைப் பொறுத்துப் பத்தாண்டுக்கு ஒருமுறை அது மாறிவிடும்.

உண்மை ஒரு வரைபடத்தில் வெளிப்பட்டது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறை வரைந்த இங்கிலாந்தின் பழைய வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரையப்பட்ட தாள்களில் ஒவ்வொரு வீட்டின் உருவமும் கொல்லைப்புறக் கொட்டகையும்கூடத் தெரியும். எங்கள் ஊருக்கான 1880களின் தாளில் "ஸ்மித்தி" (கொல்லன் பட்டறை) என்ற சொல் எங்கள் வீட்டின்மேல் இல்லை. சாலைக்கு எதிரே, இன்று கார் பழுதுபார்க்கும் கூடம் நிற்கும் இடத்தில் இருந்தது. எங்கள் வீடோ நடுவே ஒரு கோட்டால் பிரிக்கப்பட்டு, இரண்டு குடியிருப்புகளாகக் காட்டப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அந்தப் பெயர் போருக்குப் பிறகு வந்தவர்கள் வைத்தது, என் சிறுவயதில் அதைக் குளத்தடி இரட்டை வீடு என்றுதான் சொல்வோம்" என்றார். முதல் நாளே அவரிடம் போய்க் கேட்டிருந்தால் அந்த எட்டு மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தேன்: மனிதரைத் தொடராமல் மனையைத் தொடர வேண்டும். பெயர் மாறும், குடியிருப்பவர் மாறுவார், ஒரு வீடு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும்; மனையின் எல்லை மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மனையைத் தொடர மிகச் சிறந்த ஆவணம் தசமபாக வரைபடம். தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் வழக்கத்தைப் பணமாக மாற்ற 1836இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலம் அளந்து வரையப்பட்டது. ஒவ்வொரு மனைக்கும் ஓர் எண். அதனுடன் இணைந்த பேரேட்டில் உரிமையாளர், குடியிருப்பவர், நிலத்தின் பெயர், பயன்பாடு, பரப்பு ஆகியவை நிரல்நிரலாக இருக்கும்.

அதைப் பார்க்க கவுன்ட்டி (மாவட்ட) ஆவணக் காப்பகத்துக்குப் போன பயணம்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டபோது, அடையாள அட்டை ஒன்று போதும் என்றார்கள். ஒரு பேருந்தும் இரண்டு ரயில்களும் மாறிப் போய் நின்றபோது, முகவரிச் சான்றும் வேண்டும், அதுவும் மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்றார் முகப்பில் இருந்தவர். கைப்பேசியில் இருந்த வங்கிக் கணக்கு அறிக்கையைக் காட்டி, மேலதிகாரி வந்து ஒப்புக்கொள்ள ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே சென்று விண்ணப்பச் சீட்டை நீட்டியபோது, வரைபடம் பழுதடைந்த நிலையில் இருப்பதால் எடுத்துத் தர இயலாது என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு அந்த அலுவலர் அடுத்தவரைப் பார்க்கத் தொடங்கினார். அட்டவணையில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. பேரேட்டை மட்டுமாவது பார்க்கலாமா என்று கேட்டேன். வரைபடமின்றி அதனால் பயனில்லை என்றார். வெறுங்கையுடன் திரும்பினேன்.

மூன்று வாரங்கள் கழித்து, வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒவ்வொரு தசமபாக வரைபடத்துக்கும் மூன்று படிகள் எடுக்கப்பட்டன என்பதை அறிந்தேன். ஒன்று லண்டனில் இருந்த ஆணையர்களுக்கு, ஒன்று மறைமாவட்ட ஆயருக்கு, ஒன்று பாரிஷுக்கு, அதாவது ஊர்த் தேவாலயப் பங்குக்கு. அந்த அலுவலர் மறுத்தது பாரிஷின் படியை. ஆயரின் படி, மறைமாவட்ட ஆவணங்கள் என்ற தனித் தலைப்பின் கீழ், அதே கட்டடத்தில், அன்று நான் உட்கார்ந்திருந்த அறைக்குச் சில அடி தொலைவில் நல்ல நிலையில் இருந்தது. அதை அவர் சொல்லியிருக்கலாம். இந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்க்க விரும்பும் ஒவ்வோர் ஆவணத்தின் குறியீட்டு எண்ணையும் எழுதி, "இதை எடுத்துத் தர இயலுமா, இயலாவிட்டால் வேறு படி உண்டா" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள். பென்சில் கொண்டு போங்கள். பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.

இரண்டாம் முறை போனபோது எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. எங்கள் மனைக்கு உரிமையாளர் பெயர் கிடைத்தது. குடியிருப்பவர் நிரலில் ஒரு பெயரும், அதன் பின் "மற்றும் இன்னொருவர்" என்ற சொற்களும் இருந்தன. அந்த இன்னொருவர் யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழைய பத்திரங்கள் இருந்தால் இந்தச் சுற்றெல்லாம் தேவைப்பட்டிருக்காது என்பது உண்மையே. ஆனால் அவை அழிந்த கதை இந்த நாடு முழுவதற்கும் பொதுவானது. நம்மூரில் தாய்ப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுபோல் இங்கு நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் முப்பது ஆண்டு உரிமைத் தொடர்ச்சியைக் காட்டினால் போதும் என்றது. 1969இல் அது பதினைந்து ஆண்டாகக் குறைந்தது. நிலப் பதிவகத்தில் ஒரு வீடு பதிவான பின் பழைய பத்திரங்களுக்குச் சட்டப்படி வேலையில்லை என்று பலரும் எண்ணினார்கள். எங்களுக்கு விற்றவரின் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) அலுவலகத்துக்கு எழுதியபோது, தேடுவதற்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு, எங்கள் வீட்டின் பழைய பத்திரக்கட்டு சில ஆண்டுகளுக்கு முன் அழிக்கப்பட்டதாகப் பதில் அனுப்பினார்கள். நாங்கள் வாங்கிய அன்றே கேட்டிருந்தால் அது எங்கள் கைக்கு வந்திருக்கும். இப்போது வீடு வாங்கும் நிலையில் இருப்பவர்கள், சாவியை வாங்கும் முன் பழைய பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று எழுத்துமூலம் கேளுங்கள்.

மற்ற மூன்று வீடுகளில் இரண்டு கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தவை. கல்லூரியின் காப்பகத்தில் குத்தகைச் சீட்டுகள் வரிசை குலையாமல் இருந்ததால் அவை ஒரே நாளில் முடிந்தன.

எங்கள் வீட்டுக்கான தேடலில் அடுத்த கட்டம் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். 1909–1910 நிதிச் சட்டத்துக்காக நாடு முழுவதும் ஒவ்வொரு வீட்டையும் மதிப்பீட்டாளர்கள் நேரில் போய்ப் பார்த்து எழுதிய களக்குறிப்பேடுகள் அங்கே இருக்கின்றன. முதலில் வரைபடத்தில் வீட்டின் எண்ணைக் கண்டுபிடித்து, பிறகு அந்த எண்ணுக்கான குறிப்பேட்டை வரவழைக்க வேண்டும். நான் எண்ணைச் சரியாகவே கண்டுபிடித்தேன். ஆனால் குறிப்பேடுகள் வருமான வரிக்கான பாரிஷ் வாரியாக அடுக்கப்பட்டவை என்பதையும், அத்தகைய ஒரு பாரிஷுக்குள் பல ஊர்கள் அடங்கும் என்பதையும் கவனிக்கவில்லை. எங்கள் ஊர் அடுத்த ஊரின் பெயருக்குள் அடங்கியிருந்தது. வந்த ஏட்டில் அதே எண்ணில், முன்பின் அறியாத ஒரு மதுக்கடையின் விவரம் இருந்தது. அன்று சனிக்கிழமை, ஞாயிறும் திங்களும் அங்கே விடுமுறை. ஆகவே அடுத்த வாரம் மறுபடி போனேன். எண்ணுடன் பாரிஷின் பெயரையும் வரைபடத் தாளிலிருந்தே குறித்துக்கொள்ளுங்கள்.

சரியான ஏடு கிடைத்தபோது பட்ட அலைச்சல் எல்லாம் மறந்துபோனது. நான்கு பக்கங்கள். மரச்சட்டமும் காரைப்பூச்சும் கொண்ட, வைக்கோல் வேய்ந்த, பழைய இரண்டு குடிசைகள்; ஒவ்வொன்றிலும் கீழே ஒரு கூடம், மேலே இரண்டு படுக்கையறைகள்; இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. அந்தக் கிணற்றின் கல்மூடியில்தான் எங்கள் பூந்தொட்டிகள் இருக்கின்றன. எனக்கு மிகப் பெரிய திறவுகோலாக அமைந்தது வேறொரு சொல்: உரிமையின் வகை என்ற இடத்தில் காப்பிஹோல்டு என்று எழுதியிருந்தது.

காப்பிஹோல்டு என்றால், அந்த நிலத்தின் ஒவ்வொரு கைமாற்றமும் மேனர் எனப்படும் பண்ணை ஆட்சியின் நீதிமன்ற ஏட்டில் எழுதப்பட்டாக வேண்டும். அந்தப் பதிவின் நகலே உரிமையாளருக்குப் பத்திரம். இந்த முறை 1926ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு ஒழிந்தது. பத்திரங்கள் அழிந்த வீட்டுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது, ஏனெனில் மூல ஏடு வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். எங்கள் ஊரில் இரண்டு மேனர்கள். எங்கள் வீடு அடங்கியது எதில் என்று கண்டுபிடிக்க, எந்த மேனரின் ஏடுகள் எங்கே உள்ளன என்பதைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலுள்ள மேனர் ஆவணப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு பதிவும் முந்தைய உரிமையாளரின் பெயரையும் அவர் எந்த நாளில் கூடிய மன்றத்தில் உரிமை பெற்றார் என்பதையும் சொல்லும். படி இறங்குவதுபோல் ஒவ்வொரு தலைமுறையாகக் கீழே இறங்கினேன்.

1733இல் படிகள் நின்றன. அந்த ஆண்டுக்கு முன், பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் மன்னராட்சி இல்லாதிருந்த கிராம்வெல் காலத்துச் சில ஆண்டுகள் நீங்கலாக, இந்த ஏடுகள் லத்தீனில் எழுதப்பட்டவை. நான்கு மாதங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவச இணையப் பாடங்களில் லத்தீனும் பழைய கையெழுத்தும் படித்தேன். நல்லவேளையாக, எழுத்தர்கள் ஒரே வாய்பாட்டைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள். "அட் ஹாங்க் கூரியாம் வேனிட்", அதாவது "இந்த மன்றத்துக்கு வந்தார்" என்ற தொடரைக் கண் பழகிவிட்டால், அடுத்து வருவது பெயர், அதற்கடுத்தது நிலம்.

இப்படி இறங்கி 1680களில் ஒரு விவசாயியை அடைந்தேன். ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் என்று 1662 முதல் 1689 வரை வசூலிக்கப்பட்ட அடுப்பு வரிப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே மூன்று அடுப்புகள் இருந்தன. அவர் இறந்தபின் எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியலும் தேவாலய நீதிமன்ற ஆவணங்களில் கிடைத்தது. ஆனால் அடக்கப் பதிவு 1684 நவம்பர் என்றும், சொத்துப் பட்டியல் 1684 பிப்ரவரி என்றும் காட்டின. உயிரோடிருப்பவரின் சொத்தை எப்படிப் பட்டியலிட்டார்கள் என்று குழம்பி, இவர் வேறொருவர் போலும் என்று ஒதுக்கியேவிட்டேன். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1685. இதை மறந்ததால் ஒரு மாதம் போயிற்று.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். கூடத்தில் மேசையும் நீண்ட பலகையும், பார்லர் எனும் உள்ளறையில் கட்டில், பட்டரி எனும் பானக் கிடங்கறையில் பீப்பாய்கள், மேலறையில் பாலாடைக்கட்டியும் கோதுமையும். அறைகள் சொன்ன வரிசையிலேயே இருக்கின்றன. பிற்காலத்தில் இரண்டாகப் பிரித்த சுவரைத்தான் 1950களில் இடித்திருக்கிறார்கள். பரணில் ஏறிப் பார்த்தபோது, கைமரங்களில் தடித்த புகைக்கரி படிந்திருந்தது. புகைபோக்கி கட்டப்படுவதற்கு முன், நடுக்கூடத்தில் தரையில் நெருப்பு மூட்டிய காலத்துக்கான தடயமாக அது இருக்கலாம். வேறு வீட்டிலிருந்து எடுத்து வந்த மரமாகவும் இருக்கக்கூடும் என்பதால், ஒரு வல்லுநர் பார்க்கும்வரை வீட்டின் வயதைக் கூட்டிச் சொல்வதாக இல்லை.

கொல்லர் குடும்பத்தைப் பற்றிய எட்டு மாதக் கோப்பைப் போன வாரம் எதிரே உள்ள கார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். பிறகு கூடத்தின் பின்புறம் அழைத்துச் சென்று, தரையைத் தோண்டும்போதெல்லாம் கிடைத்ததாகச் சொல்லி ஒரு வாளி நிறைய லாடங்களைக் காட்டினார். எங்கள் தெருவில் மிஞ்சியிருப்பது ஒரு வீடு. அதற்கான களக்குறிப்பேட்டைப் பார்க்க வரும் செவ்வாய்க்கிழமை கியூவுக்குப் போகிறேன். எண்ணும் பாரிஷின் பெயரும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தாயிற்று.