குழவிக்கல்லும் ஒரு தேயிலை மரமும்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது புதுப் போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஐயா, உங்களுக்குச் சொந்த ஊர் எது?”

“கோத்தகிரி.”

“அது சரிங்க ஐயா. பூர்வீகம்?”

திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாத தம்பி, 1974-ல் வந்த என்னிடம் கேட்கிறார். அதுவும் அரை மணி நேரம் முன்னால்தான், “சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்” என்று அழுத்தம் திருத்தமாகப் படித்துவிட்டு! “கோத்தகிரிதான் பாஸ்டர்” என்று மறுபடியும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

வழியெல்லாம் மனதுக்குள் பொருமல். தாத்தாவுக்குத் துறையூர்ப் பக்கம். நான் பார்த்ததே இல்லை. நான் பிறந்தது இலங்கையில், பதுளை. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பவென்று ஒதுக்கிய 5,25,000 பேரில் எங்கள் வீட்டு ஐந்து பேரும் அடக்கம். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இந்த மலை. இதில் எதைச் சொந்த ஊர் என்பது?

அந்தப் பயணத்தில் அம்மா செய்த காரியம் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சிரிப்பு. அம்மியை அங்கேயே விட்டுவிட்டு, குழவியை மட்டும் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். “ஏம்புள்ள, இந்தியாவுல கல்லே இல்லியா?” என்று கேட்டார் அப்பா. இங்கே வந்து பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. இங்கே வாங்கிய அம்மியில் அந்தக் குழவி சரியாக உட்காரவே இல்லை. ஒரு பக்கம் ஆடும். ஆனாலும் கடைசிவரை சம்பல் அரைத்தது அதில்தான். வேறு யாரும் தொடக்கூடாது. ‘ஆவியில் எளிமையுள்ளவர்கள்’ வரிசையில் அம்மாவைச் சேர்க்க எனக்கு எப்போதுமே கொஞ்சம் தயக்கம்தான்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. சுதந்தரிப்பது என்றால் வாரிசாகப் பெறுவது; வேதாகமத் தமிழ். அது அம்மாவின் காதில் சுதந்திரம் என்று விழுந்திருக்கிறது. “சாந்தமானவங்க பூமியச் சுதந்திரமா விட்டுருவாங்களாம்டா” என்பார். பத்தாவது படிக்கிற திமிரில் நான் திருத்தினேன். “நமக்கு எவன்டா பட்டா எழுதி வச்சிருக்கான், வாரிசா வாங்குறதுக்கு?” என்று வாயை அடைத்துவிட்டார்.

உண்மைதான். அங்கே லயம், இங்கே லைன் வீடு; இரண்டும் தோட்டத்து வரிசை வீடுதான். இரண்டு நாட்டிலும் அம்மா கொழுந்து பறித்தது அடுத்தவர் மண்ணில். அந்த அடுத்தவருக்கும் முன்னால் இந்தச் சரிவு சோலைக்காடு. எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் எத்தனையோ இடத்தில் காடு திருத்தித் தேயிலை போட்டார்கள். கீழ்ப்பக்கத்து இருளர், குறும்பர் பதிகளை நினைத்தால், உரிமை பேச வாயெடுக்கும்போதே என் குரல் இறங்கிவிடும்.

வேலையிலிருந்து நின்றதும் மூன்று சென்ட் வாங்கி வீடு கட்டினோம். பின்னால் ஒரே ஒரு தேயிலைச் செடி இருந்தது. கவ்வாத்து வெட்டப் போன என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிவிட்டார் அம்மா. “நான் ஒடிச்ச கொழுந்து போதும். ஒண்ணாவது அதும்பாட்டுக்கு வளரட்டும்.” இடுப்புயரத்துக்குமேல் தேயிலையை விடாத கூட்டம் நாங்கள். அது இப்போது ஓட்டுக்கு மேலே போய்விட்டது. நடுவில் மஞ்சளாக, வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தேனீயாக மொய்க்கிறது. (காட்டெருமை வந்து மேரக்காய்ப் பந்தலை இழுத்துப்போட்டால் மட்டும் அம்மாவின் சுதந்திரக் கொள்கை காற்றில் போய்விடும். தட்டைத் தட்டிக்கொண்டு கத்துவார்.) அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

நான் நன்றாகவே ஒட்டிக்கொண்டேன். படுகு பேசினால் புரியும். சவ்சவ் என்று யாராவது சொன்னால், மேரக்காய் என்று திருத்துவேன். பனிமூட்டம் இறங்குகிற சாயங்காலங்களில் மட்டும், பதுளை ரயில் இந்த வளைவைத் தாண்டித்தான் வரப்போகிறது என்று காது காத்துக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமை போதகர் வீடு சந்திக்க வந்தார். நல்ல பிள்ளைதான். இதே போதனை லூக்காவில் சமனான இடத்தில் நடக்கிறது, அங்கே பூமியைப் பற்றிய வாக்கு கிடையாது, மத்தேயு சொல்கிற மலையில்தான் உண்டு என்றார். மலைக்காரனாக எனக்கு அது பிடித்திருந்தது. பின்கட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இது என்ன மரம் ஐயா?”

“தேயிலை.”

நம்பவில்லை. ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார். எனக்கு ஒரே பெருமை.

“உட்காருங்க பாஸ்டர், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

“தேத்தண்ணியா?” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ ஐயா சிலோனா!”