மொட்டைமாடிக் கணக்கு

2024 ஏப்ரல் 3, புதன்

பணி ஓய்வு பெற்று மூன்று நாளாகிறது. காலை எட்டேகால் ஆனதும் கை தானாகச் சாப்பாட்டு டப்பாவைத் தேடுகிறது. மதுரையில் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு கோடைப் பகலையும் நான் வீட்டில் முழுதாகப் பார்த்ததில்லை. மார்ச் கடைசியில் வருஷக் கணக்கு முடிப்பு. அப்புறம் ஏப்ரலும் மேயும் வங்கியின் ஏசி அறையிலேயே போய்விடும். வத்தல், வடகம், மாவடு எல்லாம் அத்தை பாடு. நான் வீடு திரும்பும்போது எல்லாம் காய்ந்து, சம்படத்துக்குள் போய் மூடியும் போட்டிருக்கும்.

அத்தை போய் இரண்டு வருஷம். இன்று பரணில் அவருடைய நோட்டு கிடைத்தது. பால் கணக்குக்கும் சீட்டுக் கணக்குக்கும் நடுவில் நாலு வரி: "கூழ்வத்தல். அரிசி ஒரு படி. ஜவ்வரிசி ஒரு உழக்கு. பச்சமிளகா ஒரு கை. உப்பு பாத்து."

எதைப் பார்த்து? பைசா இடித்தாலும் விடாத வேலையில் இருந்தவளிடம் இப்படி ஒரு கணக்கு.

ஏப்ரல் 7, ஞாயிறு

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மாவடு. சீசன் முடியப் போகிறது, கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். காம்போடு இருப்பதாகப் பொறுக்கி, கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டு ஜாடியில் வைத்தாயிற்று. தினம் காலையில் குலுக்க வேண்டும். இவர் செய்தித்தாளைத் தாழ்த்திக்கொண்டு, "அதென்ன சத்தம்?" என்றார். மாவடுதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. மாங்காயும் வேப்பம்பூவும் சேர்த்துப் பச்சடி. எத்தனையோ வருஷமாக வேப்பம்பூவைக் கடையில் பாக்கெட்டாக வாங்கியிருக்கிறேன். பின்வீட்டு வேப்பமரம் பாதி எங்கள் மாடியின் மேல்தான் சாய்ந்து நிற்கிறது! பங்குனி கடைசியிலிருந்தே பூ கொட்டுகிறது. வேலை செய்கிற பெண் அதைப் பெருக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று சாயங்காலம் பழைய சேலையை விரித்து வைத்தேன். காலையில் இரண்டு கைப்பிடி தேறியது. நெய்யில் வறுக்கும்போது வரும் வாசனை பாக்கெட் பூவில் ஒருநாளும் வந்ததில்லை.

ஜாடியைத் திறந்து பார்த்தேன். மாவடுவின் தோல், ரொம்ப நேரம் துணி துவைத்த விரல் மாதிரி சுருங்கியிருக்கிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டாயிற்று. மை வைத்த விரலோடு ஜாடி குலுக்கல்.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஞாயிறு மீனாட்சி கல்யாணம், நேற்று தேர், இன்று விடியலில் அழகர் ஆற்றில் இறங்கினார். பச்சைப் பட்டு. தங்கக் குதிரை கூட்டத்துக்கு மேலே மிதந்து வருவதைக் கோரிப்பாளையம் பக்கம் ஒரு கடைப் படியில் நின்றபடி பார்த்தோம். முன்னெல்லாம் பார்த்துவிட்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்து குளித்து வேலைக்குக் கிளம்புவேன். இன்று அவசரம் இல்லை. சர்க்கரை நிரப்பிய சொம்பை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக்கொண்டு நின்றவர்களை நிதானமாகப் பார்த்தேன். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிற பையன் ஒருவன் என் கண்ணாடியையும் நனைத்தான். நாலு பந்தலில் மோர், ஒரு பந்தலில் பானகம். அதில் சுக்கு தூக்கல்.

அழகர் வந்துபோன பிறகுதான் அத்தை வத்தல் போடுவார். இனி சாக்குச் சொல்ல முடியாது.

ஏப்ரல் 26, வெள்ளி

முதலில் அளவுக் கணக்கு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு நாழி, அதுதான் படி. ஆக அரிசி நாலு பங்கு, ஜவ்வரிசி ஒரு பங்கு. முழுப்படிக்குத் துணிச்சல் இல்லை, கால்படி போதும் என்று முடிவு. நேற்றே பச்சரிசியை ஊறப்போட்டு ஆட்டி வைத்தேன். ஜவ்வரிசி தனியாக ஊறியது.

காலை நாலரைக்கு அடுப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஜவ்வரிசி, அது பாதி வெந்ததும் உப்பும் அரைத்த பச்சைமிளகாயும், பிறகு மாவு. அங்கிருந்து கையை எடுக்க முடியாது. ஒரு நிமிஷம் விட்டால் அடியில் கட்டி தட்டுகிறது. முதலில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கிளறக் கிளறக் கரண்டியின் பின்னால் விழுகிற தடம் மூட நேரம் எடுக்கிறது. வெள்ளை மங்குகிறது, ஜவ்வரிசி கண்ணாடியாகிறது, "புளக்" என்று ஒரு கொப்புளம் உடைந்து மணிக்கட்டில் தெறிக்கிறது. கையை நனைத்துத் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. இறக்கிச் சீரகம், எலுமிச்சம்பழச் சாறு. நின்றபடியே ஒரு கிண்ணம் கூழ் குடித்தேன். வத்தல் போடுகிற வீட்டில் இந்தச் சூடான கூழுக்காகத்தான் பிள்ளைகள் விடியலில் எழுந்திருக்கும் போல.

மாடியில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்தோம். நாலு மூலைக்கும் கல். ஒரு கரண்டிக்கு ஒரு வட்டம். முதல் வரிசை கோணல், மூன்றாவது வரிசையில் கை வந்துவிட்டது. இவர் காக்காய் விரட்டக் கறுப்புக் குடையை விரித்து நடுவில் வைத்தார். காக்காய்கள் அதன் நிழலில் வந்து உட்கார்ந்தன.

சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரித்தேன். 'டப்' என்று விடுபடுகிற அந்தச் சின்னச் சத்தத்துக்காகவே இன்னொரு வேட்டி போடலாம்.

ஏப்ரல் 29, திங்கள்

பொரித்தேன். பூவாக விரிந்தது. வாயில் வைத்தால் உப்பு, சகிக்க முடியாத உப்பு! கூழில் சரியாக இருந்தால் வத்தலில் தப்பு. தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. இது தெரியாமல் இத்தனை நாள் வட்டி கணக்குப் போட்டிருக்கிறேன். இவர் ஒன்றும் சொல்லாமல் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டார். அதற்குப் பொருத்தம்தான்.

மே 5, ஞாயிறு

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது, 28 வரை இருக்கும். மகளும் பேரனும் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள்.

பேரனுக்கு நுங்கு வாங்கினோம். மூன்று கண்ணையும் பெருவிரலால் நோண்டித் தின்னக் கற்றுக்கொடுத்தேன், சட்டையெல்லாம் சாறு. இவர் தின்று முடித்த நுங்குக் கூட்டில் இரண்டை எடுத்து நடுவில் குச்சி சொருகி, கவட்டைக் கம்பு வைத்துத் தள்ளுகிற நுங்குவண்டி செய்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவருக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியாது. பேரன் தெருமுனை வரை ஓட்டினான். திரும்பும்போது ஒரு சக்கரம் கழன்றது. தாத்தா அடுத்த குச்சியைச் சீவ உட்கார்ந்துவிட்டார்.

மே 14, செவ்வாய்

இரண்டாவது வத்தல். போன தடவை பயத்தில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். ஒரு கிண்ணம் கூழில் பீட்ரூட் சாறு விட்டு, முறுக்குக் குழலில் போட்டுப் பேரனிடம் கொடுத்தேன். "அம்மாச்சி, என்ன வேணா எழுதலாமா?" என்றான். 'அ' எழுதினான், 'ப' எழுதினான். 'ழ' எழுதப் போய்ப் பாம்பு வந்தது. சரி, பாம்பும் காயட்டும்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் இன்று அவள் மாடியில் வத்தல் போட்டிருக்கிறாள். அவள் போடுகிற வட்டம் எல்லாம் ஒரே அச்சு. பார்க்கவே பொறாமை.

மே 16, வியாழன்

வத்தலுக்குக் கடைசி நாள் வெயில் இன்று. பக்கத்து வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குக் கிளம்ப, தங்கச்சி அவளுடைய தட்டுகளையும் எங்கள் மாடியில் வைத்துவிட்டுப் போனாள். மூன்று மணிக்கு வானம் கறுத்தது. முதல் துளி விழுந்ததும் நாலு பேரும் மாடிக்கு ஓடினோம். முறம், தட்டு, தாம்பாளம், கையில் கிடைத்ததிலெல்லாம் அள்ளிக்கொண்டு இறங்கினோம். பேரன் மட்டும் பாம்பைக் கையில் பொத்திக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினான். கூடம் முழுக்க வத்தல், மின்விசிறி முழு வேகத்தில். வெளியே மண்வாசனை, உள்ளே சீரக வாசனை. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது.

ராத்திரி அவள் தட்டுகளைக் கேட்டு வந்தாள். அப்போதுதான் கவனித்தேன். அவசரத்தில் இரண்டு வீட்டு வத்தலும் ஒரே தாம்பாளத்தில். பீட்ரூட் எழுத்துகள் எங்களுடையவை, சந்தேகமில்லை. வெள்ளை வட்டங்கள்?

"அக்கா, இதுல எது ஒங்களுது?"

ஒன்றை உடைத்து வாயில் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"உப்பே இல்லாததெல்லாம் ஒங்களுதுக்கா" என்று சொல்லிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள்.