கட்டை கட்டுகிறவர்கள்

வேலூர், ஆற்காடு, ஆரணி, செய்யாறு பக்கத்துக் கூத்துக்காரர்கள் பேச்சில் 'கட்டை' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டுகிற மர அணிக்குப் பேர் கட்டை. ஆர்மோனியத்தில் பிடிக்கிற சுருதியும் கட்டைதான். முட்டி பிடித்துக்கொண்ட வயசில், "இந்தக் கட்டை இன்னும் எத்தனை பாரதம் தாங்கும்" என்று தன் உடம்பைச் சொல்வதும் அதே சொல்லால். இந்த மூன்றில் முதலாவதைத்தான் ஜனம் பார்க்கிறது, செல்போனில் படம் பிடிக்கிறது. ஒருவர் எத்தனை வருஷம் இந்தத் தொழிலில் நிற்பார் என்பதை மற்ற இரண்டும் தீர்மானிக்கின்றன.

வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. கூத்துக்கு இந்த எல்லைகள் இன்னும் தெரியாது. பாலாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு; அந்தப் பக்கம் ஒரு ஜமா. ஆள் பற்றாவிட்டால் மிருதங்கக்காரரை அங்கிருந்தும் பெண் வேஷக்காரரை இங்கிருந்தும் போன் போட்டு வரவழைத்துக்கொள்வார்கள். பாணி ஒன்று என்பதால் ஒத்திகை இல்லாமலே ராத்திரி ஓடிவிடும். இதைத் தெருக்கூத்து என்பதா, கட்டைக்கூத்து என்பதா என்ற வழக்கு வேறு இருக்கிறது. காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் முன்னின்று 1990-ல் அமைத்த சங்கம் 'கட்டைக்கூத்து' என்ற பேரைத்தான் பிடித்துக்கொண்டது. செய்யாறு பக்கத்துப் புரிசையில் தம்பிரான் பரம்பரையின் மன்றம் 'தெருக்கூத்து' என்றே சொல்கிறது. கிராமத்தில் போய்க் கேட்டால் "இன்னைக்கு நாடகம்" என்பார்கள். அதோடு வழக்கு முடிந்தது.

தை பிறந்தால் ஊர்களிலிருந்து ஆட்டத்துக்கு அழைப்பாகத் தாம்பூலம் வரத் தொடங்கும். சித்திரையிலும் வைகாசியிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா, அதாவது தீமிதித் திருவிழா. அதுதான் சம்பாதிக்கிற காலம். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்ல, ராத்திரியில் ஜமா அதை ஆடிக் காட்டும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூயம், துகில், அர்ஜுனன் தபசு, விராட பர்வம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசை போகும். எத்தனை ராத்திரி, எந்தெந்த நாடகம் என்பதை ஊர்தான் முடிவு செய்யும். ஆடி, புரட்டாசியிலும் கொஞ்சம் வேலை இருக்கும். ஐப்பசி மழையில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

வேஷம் கட்டுவதில் முதல் படி முகம். ராத்திரி ஒன்பது மணி வாக்கில், கொட்டகையில் பாயை விரித்து, கையடக்கக் கண்ணாடியைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்வார்கள். 'அரிதாரம் பூசுகிறவன்' என்று நடிகனைச் சொல்கிறோமே, அந்த அரிதாரம் பாஷாணச் சேர்மானமுள்ள மஞ்சள் கல். அந்தக் காலத்துக் கலைஞர்கள் அதையே குழைத்துப் பூசினார்கள். இப்போது கடையில் வாங்கும் வண்ணப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கிறார்கள். எண்ணெயின் அளவில்தான் சூட்சுமம். அதிகமானால் நடுச்சாமத்தில் வழிந்து கண்ணுக்குள் இறங்கும். கண் எரிந்தாலும் திரை முன்னால் துடைத்துக்கொள்ள முடியாது. குறைந்தால் காய்ந்து, வாய் திறந்து பாடும்போது கன்னத்தில் வெடிப்பு விடும். பூசியபின் பவுடரை ஒற்றி ஈரத்தை வாங்கிவிட்டு, அதன்மேல்தான் மையெழுத்து. மீசையும் புருவமும் கறுப்பில். நெற்றியிலும் கன்னத்திலும் வெள்ளைப் புள்ளி வைக்க ஈர்க்குச்சியை விடத் தோதான தூரிகை இன்னும் வரவில்லை. துரியோதனனுக்கும் துச்சாதனனுக்கும் சிவப்பு. கிருஷ்ணனுக்குப் பச்சையா நீலமா என்பது ஜமாவுக்கு ஜமா மாறும்.

அப்புறம் உடம்பு. இடுப்பில் பழஞ்சேலைகளை அடுக்கிச் சுற்றி, குடை மாதிரிப் புடைத்து நிற்க வைத்து, அதன்மேல் பாவாடையைக் கட்டிக் கயிற்றால் இறுக்க வேண்டும். இதைத் தானே கட்டிக்கொள்ள முடியாது, இன்னொருவர் முதுகில் முட்டி கொடுத்து இழுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில். பாவாடை அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் வயிற்றோடு இறுக்கிக்கொள்வார்கள். அடிவயிற்றிலிருந்து வரவேண்டிய மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். இரண்டாவது தருவிலேயே, அதாவது பாட்டிலேயே, குரல் தட்டும். மூச்சை முழுக்க உள்ளே இழுத்து வயிற்றை உப்பவைத்த நிலையில் கயிறு போடச் சொல்லவேண்டும். சலங்கைக்கும் துணி மெத்தை வைக்காவிட்டால் விடியும்போது கணுக்கால் தோல் இருக்காது.

கடைசியாகக் கட்டை. கல்யாண முருங்கை மாதிரி இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடம், தோளுக்குப் புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், காதோரத்துக்கு இரண்டு. மரம் இலேசு என்பது கையில் எடுக்கும்போது தெரியும்; எட்டு மணி நேரம் தலையில் இருந்தால் தெரியாது. கிரீடத்துக்கு அடியில் நெற்றியைச் சுற்றித் துணிப்பட்டை கட்டி, முடிச்சைக் காதுக்குப் பின்னால் சற்று மேலே போடவேண்டும். நேர் பின்னால் போட்டால் கிறிக்கி அடிக்கும்போது, அதாவது அந்தச் சுழல் அடவில், கிரீடம் முன்னால் சாயும். தாடைக்கு அடியில் போகும் கயிறு தளர்ந்தால் ஆடும், இறுகினால் வாய் திறக்காது. இலேசான மரத்துக்குப் பூச்சியும் சீக்கிரம் வரும். மழைக்காலத்தில் பெட்டியில் வேப்பிலை போட்டு மாதம் ஒருமுறை வெயிலில் காய வைக்காத ஜமா, தையில் புதுக் கிரீடத்துக்குக் கடன் வாங்கும்.

இனி இரண்டாவது கட்டை. கூத்துப் பாட்டு ஐந்து, ஐந்தரைக் கட்டையில் நிற்கும். முகவீணை என்ற சின்ன ஊதுகுழலின் சுருதி உச்சத்தில் இருப்பது ஒரு காரணம். மைக் இல்லாத காலத்தில் திறந்த வெளியில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்பது இன்னொன்று. மைக் வந்தபின்னும் சுருதி இறங்கவில்லை. இறக்கினால் "குரல் போய்டுச்சு" என்று ஊர் சொல்லும், அடுத்த வருஷம் தாம்பூலம் வராது. இந்தச் சுருதியில் ஒருவர் மட்டும் விடியும்வரை பாட மனிதத் தொண்டையால் ஆகாது. அதனால்தான் பின்பாட்டு.

பின்பாட்டுக்காரர்கள் பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். வேஷக்காரர் ஒரு வரி பாடிவிட்டு அடவு போடுவார். அதே வரியை இவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளிதான் ஆடுகிறவருக்கு மூச்சு. நல்ல பின்பாட்டுக்காரர் ஆடுகிறவரின் தோளைப் பார்த்துக்கொண்டே பாடுவார். தோள் ஏறி இறங்கினால் இன்னும் ஒருமுறை வரியைத் திருப்புவார், கூட ஒரு தீர்மானம், அதாவது தாள முத்தாய்ப்பு, அடிக்கச் சொல்லி மிருதங்கத்துக்குக் கண் காட்டுவார். வேஷக்காரர் அடுத்த அடியை மறந்து நின்றால் அதன் முதல் சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். பார்க்கிறவர்களுக்கு அது பாட்டின் பகுதியாகவே கேட்கும். ஆட்டம் முடிந்து ஊர்க்காரர்கள் துரியோதனனுக்குத் துண்டு போர்த்துகிறார்கள், கிருஷ்ணன் காலில் விழுகிறார்கள். பெஞ்சில் இருப்பவரின் பேர் நோட்டீஸில் 'மற்றும் பலர்' என்பதற்குள் இருக்கும். ராத்திரியில் பாதிப் பாட்டு அவர் பாடியது.

மைக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மேலே இரண்டு மூன்று மைக்கைத் தொங்கவிட்டபோது ஆட்டம் அதன் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. மூன்று பக்கமும் சுற்றி ஆடிய வட்டம் சுருங்கி, ஆள் ஒரே இடத்தில் நின்று பாடும்படி ஆனது. சட்டை மைக் அதைக் கொஞ்சம் சரிசெய்தது. ஆனால் மார்புப் பதக்கம் அதன்மேல் உரசி வரும் கரகரப்பை எந்த மைக்செட்டுக்காரரும் இன்னும் நிறுத்தவில்லை.

கூத்தை அறிவித்து நடத்துகிற கோமாளி, கட்டியக்காரன். அந்த வேஷம் பார்வைக்குச் சுலபம். முகத்தில் கொஞ்சம் வெள்ளை, தலையில் ஒரு கோமாளித் தொப்பி போதும். ஆனால் ராத்திரியின் கடிகாரம் அவர்தான். திரையின் ஒரு முனை அவர் கையில். ராஜா உள்ளே கிரீடம் கட்டிக்கொண்டிருக்கத் தாமதமானால், கால் மணி நேரத்தை ஊர் வம்பு, விலைவாசி, மாமியார் மருமகள் என்று இழுத்து நிரப்பவேண்டும். ஊருக்குள் நுழையும்போதே டீக்கடையில் உட்கார்ந்து யாருக்கும் யாருக்கும் ஆகாது, எந்தப் பேரைச் சொல்லிக் கிண்டல் பண்ணக்கூடாது என்று விசாரித்து வைத்துக்கொள்வது இந்த வேலையின் பாதி. தப்பான பேரைச் சொல்லி நடுராத்திரியில் கூத்து நின்றுபோவதும் உண்டு.

ஒரு கூத்துக்காரரின் ஆயுசு வேஷங்களில் ஏறி இறங்கும். பையனாக வரும்போது திரை பிடிப்பதும் பெட்டி தூக்குவதும்தான். அப்புறம் பாலகிருஷ்ணன், அபிமன்யு. மீசை அரும்புவதற்கு முன்னும் பின்னும் பெண் வேஷம். குரல் உடையும் ஒன்றிரண்டு வருஷம் ஆபத்தானது: அந்தச் சமயத்தில் ஐந்தரைக் கட்டைக்கு முக்கிப் பாட வைத்தால் அந்தக் குரல் திரும்பாது. நல்ல வாத்தியார் அந்த வருஷங்களில் பையனைத் தாளத்தில் உட்கார வைத்துவிடுவார். முப்பதுக்கு மேல் ராஜ வேஷம். முட்டி பேச ஆரம்பித்ததும் கட்டியக்காரனுக்கோ பெஞ்சுக்கோ மாறவேண்டும். சிலர் பெண் வேஷத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஐம்பது வயசு திரௌபதி, துகிலில் கூந்தலை விரித்துச் சபதம் பண்ணும்போது கூட்டம் அழும். மறுநாள் அதே மனிதரைக் கடைத்தெருவில் கேலி பண்ணுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான்.

முட்டிக்கு எமன் சிமென்ட் ரோடு. முன்பு தண்ணீர் தெளித்த மண்ணில் ஆடினார்கள். சலங்கையோடு குதித்தால் மண் அடியை வாங்கிக்கொள்ளும். இப்போது கோயில் முன்னால் சிமென்ட். ஒப்பந்தம் பேசும்போதே ஒரு டிராக்டர் மண் கொட்டச் சொல்லிக் கேட்கிற வாத்தியாரை ஊரார் விநோதமாகப் பார்க்கிறார்கள். மண்ணுக்குப் பதில் தார்ப்பாய் விரித்தால் அது இன்னும் மோசம். பனி இறங்கினதும் வழுக்கும். அதே பனியில் டோலக் தோலும் தளரும், நெருப்பு காட்டித்தான் ஏற்றவேண்டும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்பிய ரவை காய்ந்து உதிர்வதும் விடியற்காலையில்தான்.

உடம்புக்கு உண்மையான பரீட்சை இரண்டு நாட்கள். அர்ஜுனன் தபசில், நட்டு வைத்த உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறவேண்டும். கீழே பிள்ளை வரம் கேட்டு ஈரச்சேலையோடு பெண்கள் காத்திருப்பார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழும். ஏறப்போகிறவர் சாயங்காலமே ஒருமுறை போய்ப் படிக்கட்டைகளைத் தட்டிப் பார்த்து, ஆடுகிறதை மாற்றச் சொல்லவேண்டும். ஊர் ஆசாரி நேற்று அடித்தது என்று நம்பி ஏறக்கூடாது.

இன்னொன்று பதினெட்டாம் போர். ராத்திரி முழுக்க ஆடிவிட்டு, காலையில் வேஷம் கலைக்காமலே படுகளத்துக்குப் போகவேண்டும். களத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அவனைச் சுற்றி பீமனும் துரியோதனனும் வெயிலில் ஓடவேண்டும், கடைசியில் தொடையில் அடி, திரௌபதி கூந்தல் முடிப்பு. அக்னி நட்சத்திர வெயிலில் வேலூர் மண் எப்படிக் காயும் என்பது ஊருக்கே தெரியும். அடர்ந்த எண்ணெய்ப் பூச்சுக்கு அடியில் வியர்வை வெளியேற வழியில்லாமல் மயங்கி விழுகிறவர்கள் உண்டு. அனுபவஸ்தர்கள் நள்ளிரவிலிருந்தே உப்புப் போட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார்கள். ஒரே மூச்சில் சொம்பு நிறையக் குடித்துவிட்டு ஓடினால் வாந்திதான்.

திருவிழா இல்லாத மாதங்களில் வருவது கர்ண மோட்சம். பதினாறாம் நாள் காரியத்துக்கு, இறந்தவர் வீட்டு வாசலில். பொன்னுருவியும் கர்ணனும் பிரியும் இடத்தில் வீட்டுப் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவைச் சொல்லி அழுவார்கள். அப்போது பாட்டை நிறுத்தவும் கூடாது, அழுகைக்கு மேல் குரலை ஏற்றவும் கூடாது. ஆர்மோனியத்தை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். இந்தப் பக்குவம் வர ஒருவருக்குப் பத்து சாவு வீடாவது ஆகும்.

பணம் பங்குக் கணக்கு. முழுப் பங்கு, முக்கால், அரை என்று வேஷத்துக்கும் அனுபவத்துக்கும் தக்கபடி; உடுப்பும் கட்டையும் வைத்திருக்கிறவருக்குப் பெட்டிப் பங்கு தனி. முன்பணம் வாங்கினவர் அடுத்த வருஷம் முழுக்க அந்த ஜமாவுக்குக் கட்டுப்பட்டவர். மற்ற நாட்களில் களை எடுப்பு, கொத்து வேலை, குடியாத்தத்தில் தறி, பீடி. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகிற பையன்கள் மட்டும் கூத்துக்குத் திரும்புவதில்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும் நேரத்தில் கர்ணன் இன்னும் சாகவில்லை. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை பலரிடம் இருக்கிறது. அதைப் புதுப்பிக்க ஒரு நாள் கூலியை விடவேண்டும் என்பதால் காலாவதியானதும் பலரிடம் இருக்கிறது.

மங்களம் பாடினதும் முகம் கலைப்பு. தண்ணீரை முதலில் எடுக்கக்கூடாது. தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, பழந்துணியால் துடைத்து, அப்புறம்தான் சோப்பு. அவசரத்தில் அப்படியே வேனில் படுத்துத் தூங்கினால் மறுநாள் இமை வீங்கும். பெட்டி அடுக்குவதற்கும் வரிசை உண்டு. சலங்கை அடியில், அதன்மேல் சேலைகள், அதன்மேல் புஜகீர்த்தியும் பதக்கமும் கண்ணாடி உள்பக்கம் பார்க்க. கிரீடத்தைப் பழைய வேட்டியில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே. உதிர்ந்த கண்ணாடிச் சில்லுகளைத் திரை பிடித்த பையன் களத்தில் குனிந்து பொறுக்கி, தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து பெஞ்சில் இருக்கும் பெரியவரிடம் கொடுப்பான். அடுத்த ஊர் போவதற்குள் அதை ஒட்டி முடிப்பது அவர் வேலை.