எதிரிகளின் எழுத்தில் மட்டும் வாழ்ந்தவர்கள்

உள்ளறிவே மீட்பு என நம்பிய தொடக்ககால நாஸ்டிக் கிறிஸ்தவர்களைப் பற்றி நெடுங்காலம் உலகம் அறிந்திருந்ததில் பெரும்பகுதி, அவர்களை மறுத்து எழுதியவர்களின் நூல்கள் வழியாகவே வந்தது. கி.பி. 180 அளவில் லியோன் நகர ஆயர் இரேனியுஸ் எழுதிய கண்டனம் அவற்றுள் முதன்மையானது. ஒருவரின் நம்பிக்கையை அவருடைய எதிராளியின் வாயால் மட்டுமே கேட்க நேர்வது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை, 1945 டிசம்பரில் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே மண்ணிலிருந்து கிடைத்த ஒரு சாடி உணர்த்தியது. தோலட்டையிட்ட 13 சுவடிகள் அக்கண்டெடுப்பில் வெளிவந்தன. அனைத்தும் கிரேக்க மூலங்களிலிருந்து எகிப்தியரின் காப்டிக் மொழிக்குப் பெயர்க்கப்பட்டவை.

அந்த அட்டைகளை விறைப்பாக்க உள்ளே ஒட்டியிருந்த பழைய பப்பைரஸ் (நாணல் தாள்) துண்டுகள் என்னை மிகவும் நெகிழச் செய்தன. கடிதங்களும் கணக்குகளுமாகிய அக்கழிவுத்தாள்களுள் ஒன்று கி.பி. 348ஆம் ஆண்டைச் சுட்டுவதால்தான், சுவடி தைக்கப்பட்ட காலத்தை ஓரளவு கணிக்க முடிகிறது.

இவ்வுலகைப் படைத்தவன் உயர்ந்த இறைவன் அல்லன், கீழ்நிலைப் படைப்பாளியே என்றும், உள்ளொளியை அறியும் அறிவே மீட்பு என்றும் இச்சுவடிகளுள் பல கூறுகின்றன. ஆயினும் நாஸ்டிக்குகளைக் கிறிஸ்தவத்துக்கு வெளியாட்களாகக் கருதுவது தவறு என்பேன். நாஸ்டிக்குகளுள் ஒருவராகக் கருதப்படும் வாலண்டினஸ் இரண்டாம் நூற்றாண்டு ரோமில் கிறிஸ்தவர்களிடையே போதித்த கிறிஸ்தவ ஆசிரியர். அவரைப் பின்பற்றியோர் பவுலின் மடல்களையும் யோவான் நற்செய்தியையும் போற்றிப் படித்தனர். 367இல் அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுஸ் புதிய ஏற்பாட்டுக்கு 27 நூல்களை மட்டும் ஏற்று, திருச்சபை ஏற்காத ‘மறைவான’ நூல்களை விலக்கச் சொன்னார். அதன் பிறகே யாரோ இச்சுவடிகளை, எரிக்க மனமின்றி, சாடியில் இட்டுப் புதைத்திருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.