நிலையத்திலிருந்து நிலையத்துக்கு: கடைசிக் கிலோமீட்டர் கைகூடியது

வெகுநாளாக வரைபடத்தில் பென்சில் கோடாக மட்டுமே கிடந்த நடை ஒருவழியாக முடிந்துவிட்டது. ஒரு நிலையத்தில் இறங்கி, குறுக்கே கிடக்கும் மேட்டைக் கடந்து, அடுத்த பள்ளத்தாக்கில் ஓடும் வேறொரு தடத்தில் ரயிலேறித் திரும்புவதுதான் திட்டம். தூரம் 14 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர். ரயில் வருவதற்கு முன் முகம் கழுவி, நடைமேடையில் காலை நீட்டி உட்காரவும் நேரம் இருந்தது என்பதைச் சற்றுப் பெருமையாகவே பதிந்துவைக்கிறேன்.

ரயில்கள் அரிதாக நிற்கும் நிலையத்தைத் தொடக்கமாகவும், அடிக்கடி நிற்கும் நிலையத்தை முடிவாகவும் வைத்துக்கொள்வது இந்தப் பழக்கம் உள்ள எல்லோருக்கும் தெரிந்ததே. நேரக் கணக்குக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன விதியையே இன்னும் நம்புகிறேன்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். இந்த வழிக்கு அது 3 மணி 18 நிமிடம் என்று வந்தது. நைஸ்மித் ஓய்வுக்கு இடம் விடவில்லை என்பதால் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டேன். கைபேசிச் செயலிகள் சில, மேடு பள்ளம் எதையும் பாராமல் தூரத்தை வேகத்தால் வகுத்து ஒரு விடையைச் சொல்லிவிடுகின்றன. அதை நம்பிக் கடைசி ரயிலைக் குறிவைப்பவர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

உண்மையான சிக்கல் நேரத்தில் இல்லை, கடைசிக் கிலோமீட்டரில் இருக்கிறது. இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்ந்தாலே ரயிலுக்கு அது கவனிக்க வேண்டிய ஏற்றம் என்பதால், தடங்கள் கூடியவரை ஆற்றையும் பள்ளத்தாக்கையும் ஒட்டியே போகின்றன. ஆகவே மேட்டைக் கடக்கும் இத்தகைய நடை பெரும்பாலும் ஏற்றத்தில் தொடங்கி இறக்கத்தில் முடிகிறது. இறங்கி வருபவருக்கு எதிரே முதலில் தென்படுவது நிலையத்தின் வாசல் அன்று, தண்டவாளம். வரைபடமோ தடத்தின்மேல் ஒரு புள்ளியை வைத்து நிலையம் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. வாசல் எந்தப் பக்கம், மறுபக்கத்திலிருந்து வருபவர் தடத்தை எங்கே கடப்பது என்பதை நாமேதான் துருவ வேண்டும். கடக்கக் கூடாத இடத்தில் தண்டவாளத்தில் இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதற்காக நான் செலவிட்ட மாலைகள் நடந்த நேரத்தைவிட அதிகம். முதலில் 1:25,000 அளவு வரைபடத்தில், தடத்தின் ஓரத்தில் உள்ள சிறு கோடுகளைப் பார்க்கிறேன். அவை தடத்திலிருந்து வெளிப்புறம் நோக்கினால் தடம் உயர்ந்த கரைமீது போகிறது, கடக்கும் வழி பெரும்பாலும் அடியில் இருக்கும். உட்புறம் நோக்கினால் தடம் வெட்டுப் பள்ளத்தில் போகிறது, மேம்பாலத்தைத் தேட வேண்டும். அடுத்து செயற்கைக்கோள் படம். வண்டிகள் நிற்கும் முற்றம் எந்தப் பக்கமோ, பிரதான வாசல் பெரும்பாலும் அந்தப் பக்கம். நடைமேம்பாலம் இருந்தால், காலையிலோ மாலையிலோ எடுத்த படத்தில் அதன் நிழல் தண்டவாளத்தின்மேல் சாய்த்துவைத்த ஏணிபோல் விழுந்திருக்கும்.

இந்த முறை தடம் கரைமீது இருந்தது. காட்டுப் பாதை கரையின் அடிவாரத்தில் வந்து முடிந்தபோது, வலப்பக்கம் நிலையத்தின் கூரை கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. என் கணக்குப்படி இடப்பக்கம் திரும்பி, நிலையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு 600 மீட்டர் நடந்தால் ஓர் ஓடை தடத்துக்கு அடியில் புகும் இடம் வரும். களைத்த காலோடு இப்படி எதிர்த்திசையில் நடப்பதற்குத் தாளில் போட்ட கணக்கின்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை வேண்டும். சொன்ன இடத்தில் கல் வளைவு இருந்தது. உள்ளே பாதி அகலம் தண்ணீர், ஓரமாக ஒரு முழ அகலத்துக்குக் கல் திண்டு. மேலே கல் இடுக்குகளிலிருந்து நீர் சொட்டியது, திண்டில் பாசி படர்ந்திருந்தது. சுவரில் கையூன்றிப் பக்கவாட்டில் அடி வைத்து மறுபுறம் வந்தால், நேரே நிலையத்தின் முற்றத்துக்குப் போகும் சாலை. மழைக்காலத்தில் இந்த வழி உதவாது என்று வரைபட ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.

வரைபடத்தைப் பற்றி ஒரு குறை. அச்சிட்ட தாள்களில் என் வழி எப்போதும் நான்கு தாள்கள் கூடும் மூலையில்தான் விழுகிறது. வேண்டிய பகுதியை மட்டும் ஒரே தாளில் அச்சிட்டு, வாய் மூடும் நெகிழிப் பையில் போட்டுக்கொள்வதே மேல். மெல்லிய நெகிழி உறை ஒட்டிய தாள் மடித்த இடத்தில் வெடிக்கிறது, அதில் பென்சிலும் ஓடாது. வளைந்த பாதையை அளக்க நூல் போதும்; ஆனால் மெழுகு தடவிய நூல் வேண்டும், சாதாரண நூல் இழுத்தால் நீள்கிறது.

இறங்கும் பகுதியின் நேரங்களைத் தனியே எழுதிவைக்கும் வேலை பாக்கி இருக்கிறது. செங்குத்தான இறக்கத்துக்கு நைஸ்மித் கணக்கில் எவ்வளவு கூட்டுவது என்று அதிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் அதே மேட்டை இன்னும் வடக்கே கடந்து, அதே தடத்தில் மேலே உள்ள நிலையத்தில் முடிக்கும் வழிக்குக் கோடு போடத் தொடங்கிவிட்டேன். அங்கே தடம் வெட்டுப் பள்ளத்தில் போகிறது, கிடைத்த செயற்கைக்கோள் படமோ உச்சிவெயிலில் எடுத்தது. மேம்பாலம் இருக்கிறதா என்று சொல்ல ஒரு நிழல்கூட அதில் இல்லை.