தண்டு மார்க்கெட்டின் முன்வாசல்

செப்டம்பர் முதல் வாரம், காலை ஏழு மணிக்கே பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டோம். கூட வந்த அத்தைக்கு அந்த வட்டாரம் முழுக்க இன்னும் 'தண்டு'தான். தண்டு என்றால் படை. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே பாளையம் அமைத்தபோது, மெட்ராஸ் படையோடும் அதன் பிழைப்போடும் ஒட்டிக்கொண்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அத்தை வீடும் அப்படி வந்ததுதான்.

மார்க்கெட் 1927-இல் கட்டி, 1933-இல் திறந்தது. அப்போதைய முனிசிபல் கமிஷனர் ரஸ்ஸலின் பெயர். துரைமார் வீட்டுக்குக் காய்கறியும் கறியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்று எழுப்பிய கட்டடம், ஆனால் கூடை தூக்கி வந்து பேரம் பேசியவர்கள் சமையல்காரர்களும் ஆயாக்களும்தானே, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது சொந்த ஊர்ச் சந்தை ஆகிப்போனது என்று எனக்குத் தோன்றுகிறது. கடைக்காரர் உருதுவில் விலை சொல்கிறார், அத்தை தமிழில் குறைக்கிறார், பக்கத்தில் ஒருவர் கன்னடத்தில் சமாதானம் செய்கிறார்.

2012 பிப்ரவரியில் தீப்பிடித்து 100-க்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன. அதைச் சொல்லும்போது அத்தையின் குரல் இறங்கிவிட்டது. அப்புறம் அதே கூரையின் கீழ் மறுபடி பழம் அடுக்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது உள்ளே இல்லை, வாசலில். கூப்பிடு தூரத்தில் புனித மரியன்னை பேராலயம், செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவிச் சேலையில் தமிழ்நாட்டிலிருந்தும் பெண்கள் வந்தபடியே இருந்தார்கள். மெழுகுவத்தி, பூமாலை, பொரி எல்லாம் தரையில் விரித்திருந்தது. "நோன்பு மாசத்துல வந்து பாருப்பா, இதே எடத்துல நடுராத்திரில சமோசாவுக்குக் கூட்டம் முட்டும்" என்றார் அத்தை. ஒரே சதுக்கம், காலத்துக்கு ஒரு வேடம். இந்த மார்க்கெட்டை எப்போது யார் சீரமைத்தாலும், முதலில் இந்த வாசலில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

திரும்பும்போது அத்திப்பழம் அரைக்கிலோ வாங்கினோம். "அக்கா, ரொம்ப நாளாச்சு" என்று சொல்லி ஒரு கட்டுப் புதினாவைக் கொசுறாகப் பையில் போட்டார் கடைக்காரர்.