நாலு படிக்கு ஏழு மீட்டர்

பூங்காவில் நாலே நாலு படிதான். அம்மாவின் சக்கர நாற்காலியை அதன் முன்னால் நிறுத்திவிட்டு, தூக்கிவிட யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க பாருடா, சரிவுப் பாதை இருக்கு" என்றாள் அம்மா.

மரத்தடியில் வளைந்து ஏறியது அது. ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. படி ஒன்று 15 செ.மீ. என்றால், நாலு படிக்கே ஏழு மீட்டருக்கு மேல் போகும். பல இடங்களில் பேருக்கு ஒன்றைச் செங்குத்தாகக் கட்டி வைத்திருப்பார்கள். (கட்டியவரை ஒருமுறை தள்ளிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.) இங்கே ஒரு கையாலேயே தள்ள முடிந்தது.

படிகள் நூறு வருஷத்துக் கல். சரிவுப் பாதை புதுசு.

இங்கிலாந்தில் 1847இல் திறந்த பர்கன்ஹெட் பூங்காதான், பொதுப்பணத்தில் எல்லோருக்குமாக அமைந்த முதல் பூங்கா என்பார்கள். 1850இல் அதைப் பார்த்து வியந்த அமெரிக்கரான ஓம்ஸ்டெட், பிறகு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை இன்னொருவரோடு சேர்ந்து வடிவமைத்தார்.

அந்த 'எல்லோரும்' என்பதற்குள் அம்மா வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

குளக்கரையில் கம்பித் தடுப்பு தாழ்வாக இருந்தது. உட்கார்ந்தபடியே தண்ணீர் தெரிந்தது. ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது மகன் பாட்டி மடியில் ஏறிக்கொண்டான்.

"சரிவுல கொஞ்சம் வேகமா விடுப்பா."

சொன்னது அவன் இல்லை.